ஏறும் இடம்

தேநீரில் உப்பு இருந்தது.

முதல் மிடறை விழுங்கிய பிறகுதான் ஆரணிக்கு அது தெரிந்தது. சீனிக்கும் சாயத்துக்கும் அடியில், வியர்த்த மேலுதட்டை நக்கினால் வருமே, அவ்வளவுதான். இன்னொரு மிடறு குடித்துப் பார்த்தாள். இருந்தது.

"அம்மா, சீனியெண்டு உப்பைப் போட்டுட்டியளோ?"

"ஓம், எனக்குக் கண்ணும் போட்டுது, மூளையும் போட்டுது." கமலாவதி குசினிக்குள்ளிருந்தே சொன்னாள். "கம்பஸிலை படிச்ச பிள்ளை ஒரு நாளைக்கு வெள்ளண எழும்பி எனக்கு ஊத்தித் தாறது."

ஆரணி கோப்பையை வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். அச்சுவேலியில் ஒரு தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. பேனா அளவிலான உப்புமானி ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும். மோட்டர் பூட்டிய பிறகு யாரும் தொடாத வாளியைக் கப்பியில் இறக்கித் தண்ணீர் அள்ளி, மானியை அதில் அமிழ்த்தினாள். அவர்கள் வீட்டுக் கிணறு வழக்கமாக ஆயிரத்து நூறு காட்டும். இன்று ஆயிரத்துத் தொளாயிரம்.

ஆடி மாதம். அவர்களுடைய ஊரான தொண்டைமானாற்றில் மழை பெய்து நாலு மாதம். குடாநாட்டுச் சுண்ணாம்புக் கல்லுக்குள் நல்ல தண்ணீர், கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. மேலே குறைந்தால் கீழிருந்து உப்பு ஏறும். கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவருகிறவர்களுக்கு நாள்தோறும் அவள் விளக்குவது இதைத்தான். தனக்கும் விளக்கிக்கொண்டாள். பிறகும் மனம் ஆறாமல், வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் போய் அடுத்த வீட்டு இராசாத்தி மாமியின் கிணற்றை அளந்தாள். இருபதடி தள்ளி, அதே கல்லில் வெட்டிய கிணறு.

ஆயிரத்து எண்பது.

அன்று ஓகஸ்ட் எட்டாம் திகதி. படகு புறப்பட ஒரு கிழமை இருந்தது.

படகு அக்காவின் எண்ணம். ரொறன்ரோவிலிருந்து தாரிகா, கணவன் பார்த்தீபனோடும் மகளோடும் வருகிறாள். ஹொட்டல் வேண்டாம், விருந்துக்கு வீடு வீடாகத் திரியவும் ஏலாது, மூன்று நாளைக்கு ஒரு உல்லாசப் படகை ஆட்களோடு வாடகைக்குப் பிடி என்று சொல்லியிருந்தாள். காங்கேசன்துறையில் ஏறி, காரைநகருக்கு வெளியே ஓர் இரவு, நெடுந்தீவில் ஓர் இரவு, பிறகு திரும்புவது. படகோட்டியும் சமையற்காரரும் பாய் கட்டுபவரும் படகோடேயே வருவார்கள்.

"நாங்கள் சும்மா காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம்," என்றாள் தாரிகா. பிறகு அவள் குரல் தாழ்ந்தது. "திரும்பி வரேக்கை கீரிமலைக்கு நேரா ஒருக்கா நிப்பாட்டச் சொல்லு. பூவெண்டாலும் போடுவம். அம்மாட்டை இப்ப சொல்லாதை."

பூ, தம்பிக்கு. கீரிமலை, இறந்தவர்களுக்குக் கடன் கழிக்கும் கரை.

மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒக்டோபரில் நிருஷன் கிழக்குக் கரையில் ஒரு படகில் ஏறினான். நாற்பத்துமூன்று பேர். அவுஸ்திரேலியா என்றார்கள். படகு போய்ச் சேரவில்லை, திரும்பி வரவுமில்லை. ஒரு செருப்புக்கூட எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை. உடல் இல்லாத பிள்ளைக்குக் கமலாவதி எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்யவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவில்லை, படத்துக்கு மாலை போட யாரையும் விடவில்லை. அவனுடைய துவாய் இன்னும் குளியலறைக் கொடியில் கிடந்தது. கிழமைக்கு ஒருமுறை அதைத் தோய்த்தாள்.

ஏறுவதற்கு முன் அவன் ஆரணிக்குத் தொலைபேசியில் எடுத்திருந்தான். மாலை ஆறு நாற்பது. அவள் சுவாமி அறையில் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். காற்றிரைச்சலுக்குள் அவன் குரல் சின்னதாக வந்தது.

"சின்னக்கா, போட் சரியான சின்னன். சனம் கூட. திரும்பி வரட்டோ?"

இவ்வளவு தூரம் போய்விட்டு. எல்லாரும் ஏறுகிறார்கள்தானே. தைரியம் சொல்கிறேன் என்றுதான் அவள் நினைத்தாள்.

"பயப்பிடாதை. ஏறு," என்றாள்.

அதை அவள் இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை.

படகோட்டி லெனாட் குருநகர்க்காரர். பயணிகளுக்கான படிவத்தை இணையத்தில் அனுப்பியிருந்தார். ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, உண்பது, குடிப்பது, உறங்கும் இடம், நீந்துவாரா, ஏறும் இடம், வேறு வேண்டுகோள். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஏழு மணிக்கு அதில் என்ன பெயர்கள் இருக்கின்றனவோ அவைதான் கடற்படைக்குப் போகும். ஓகஸ்ட் ஏழாம் திகதி மாலை, உப்புத் தேநீருக்கு முதல் நாள், ஆரணி மேசையிலிருந்து ஐந்து வரிகளை நிரப்பினாள். எதிரே கமலாவதி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"தம்பியின்ரை பேரைப் போட்டனியே?"

ஆரணியின் விரல்கள் நின்றன.

"என்ன பாக்கிறாய்? அதுக்கிடையிலை அவன் வந்திட்டானெண்டால்? கரையிலை நிண்டு எங்களுக்குக் கை காட்டுறதே? போடு."

போட்டாள். ஒரு கிழமைக்கு அம்மா சந்தோஷமாக இருக்கட்டும், பதினான்காம் திகதி எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். கமலாவதி இலையை விட்டுவிட்டு, விரல்களை மடித்து மடித்துச் சொல்லத் தொடங்கினாள். முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு. கணவாய்ப் பிரட்டல். ஒடியல் கூழ், ஆனால் உறைப்புக் குறைய. பால்புட்டு. நல்லெண்ணெயில் பொரித்த முட்டை. மூன்று வருடத்தில் அவள் முகம் இப்படி இருந்து ஆரணி காணவில்லை.

மா அரிக்கும் அரிதட்டைத் திருப்பிக் கொடுக்க வந்த இராசாத்தி மாமி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கமலம், செத்த ஆக்களுக்குத்தானே இப்பிடி ஒண்டும் விடாமல் அடுக்கிறது. உயிரோடை இருக்கிறவன் வந்து தானே கேட்டுத் திண்ணுவான்."

"உன்ரை வாயிலை கொள்ளியை வைக்க. அரிதட்டை வைச்சிட்டு நட!"

மாமி வாயைப் பொத்திக்கொண்டு போனாள். ஆரணி திரையைப் பார்த்தாள். மாமி சொன்னது சரிதான். எட்டாம் நாள் வாழையிலையில் படைக்கிற பட்டியல்தான் அது. ஆனால் படைக்கிற வீட்டார், போனவன் போய்விட்டான் என்று தெரிந்துகொண்டு படைப்பார்கள். அம்மாவும் அவளும் வரச் சொல்லிப் படைத்திருந்தார்கள்.

ஒன்பதாம் திகதி கிணறு மூவாயிரத்து முந்நூறு காட்டியது. அன்று இரவு அக்காவின் மகளுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது என்று எழுதுவதற்காகப் படிவத்தைத் திறந்தாள். ஆறாவது வரி, தம்பியின் வரி, மாறியிருந்தது.

குடிப்பது என்ற இடத்தில் அவள் 'பிளேன்ரீ' என்று எழுதியிருந்தாள். இப்போது 'தண்ணி' என்று இருந்தது.

நீந்துவாரா? 'ஓம்' என்று எழுதியிருந்தாள். இப்போது, 'நீந்தினன்.'

ஏறும் இடத்தில் காங்கேசன்துறையைக் காணவில்லை. இரண்டு எண்கள் இருந்தன, தசமப் புள்ளிகளோடு. அகலாங்கும் நெட்டாங்கும். வரைபடத்தில் போட்டுப் பார்த்தாள். புள்ளி விழுந்த இடத்தைச் சுற்றி நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து கிழக்கே நானூறு கிலோமீற்றர்.

அக்காவுக்கு எடுத்தாள்.

"எனக்கு இஞ்சை பெட்டி கட்டவே நேரமில்லை, நான் ஏன்ரி உதைத் தொடுறன்?" என்ற தாரிகா, ஆரணி வாசித்துக் காட்டியதை முழுக்கக் கேட்டாள். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அம்மாதான் செய்யிறா, ஆரணி. வேறை ஆர்? ஏசாதை. பாவம்."

கமலாவதிக்கு வட்சப்பில் படம் பார்க்க மட்டும்தான் தெரியும்.

லெனாட்டுக்கு எடுத்தாள்.

"நாங்கள் உதிலை கையே வைக்கேல்லைத் தங்கச்சி. ஆறு பேரெண்டு கிடந்துது, ஆறு மிதவைச் சட்டை எடுத்து வைச்சிட்டன். என்ன நம்பர், சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னாள். லெனாட் எழுதுவது கேட்டது. பிறகு அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் நின்றது.

"உது நடுக்கடல் தங்கச்சி. உங்கை ஆரும் ஏறேலாது." பேனாவை வைக்கும் சத்தம் கேட்டது. "எங்கடை ஐயா ஒரு கதை சொல்லுவேர். ஏத்துறன் எண்டு நீ வாக்குக் குடுத்தவனை விட்டுட்டு வெளிக்கிடாதை, அவன் பின்னாலை வருவான் எண்டு. அவர் குடிகாரரைப் பற்றித்தான் சொன்னவர். நீங்கள் பயப்பிடாதேங்கோ."

படிவத்தில் யார் எப்போது கை வைத்தார்கள் என்பதைப் பார்க்க ஒரு வழி இருந்தது. பார்த்தாள்.

திருத்தியவர்: ஆரணி. நேரம்: மாலை 6.40.

அந்த நேரம் அவள் சுவாமி அறையில் இருந்தாள். நெருப்புக்குச்சி இரண்டு முறை அணைந்து மூன்றாம் முறை பிடித்தது நன்றாக நினைவிருந்தது. கடவுச்சொல்லை மாற்றினாள். நிருஷனின் வரியை மட்டும் மாற்றவில்லை. கை போகவில்லை.

பத்தாம் திகதி ஐயாயிரத்து அறுநூறு. படிவத்தில், உறங்கும் இடம்: 'ஈரமில்லாத இடம்.' ஏறும் இடம், முந்நூற்றிருபது கிலோமீற்றர்.

பதினோராம் திகதி ஒன்பதாயிரத்து எழுநூறு. உண்பது என்ற இடத்தில் அம்மா சொல்லச் சொல்ல எழுதிய நண்டும் கணவாயும் கூழும் அழிந்திருந்தன. 'உப்பில்லாதது எதெண்டாலும்' என்று இருந்தது. இருநூற்று நாற்பது கிலோமீற்றர்.

ஒவ்வொரு நாளும் 6.40. ஒவ்வொரு நாளும் அவளுடைய பெயர்.

ஒரு நாளைக்கு எண்பது கிலோமீற்றர். நீரோட்டத்துக்கு இந்தப் பருவத்தில் அந்த வேகமும் இல்லை, அந்தத் திசையும் இல்லை. தூரத்தையும், நாளுக்கு நாள் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்காகப் பெருகிய கிணற்று உப்பை மடக்கை அளவிலும், வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் குறித்தாள். அவளுக்கு நேர்கோடுகள் பிடிக்கும். நேர்கோடு கிடைத்தால் ஒரு காரணம் கிடைத்த மாதிரி. அடிமட்டத்தை வைத்து இரண்டு கோடுகளையும் நீட்டினாள். உப்பு கடலுக்குச் சமமாகிற நாளும் தூரம் பூச்சியமாகிற நாளும் ஒன்றாக இருந்தன. பதினான்கு. அடிமட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் நனைந்திருந்தன. முகர்ந்து பார்த்தாள். டீசல்.

அதன் பிறகு வீடு மணக்கத் தொடங்கியது. அழுகிய மணம் என்றால் தாங்கியிருப்பாள்; இது, ஈரக் கயிற்றையும் டீசலையும் வெயிலில் நெடுநேரம் நின்ற மனிதர்களின் தலைமயிரையும் ஒன்றாகச் சேர்த்து மூடி வைத்துத் திறந்தது போன்ற மணம், பின்னேரங்களில் கிணற்றடியிலிருந்து வந்து குசினிக்குள் நுழைந்து, வெங்காயம் வதங்கும் மணத்துக்கு மேலே ஒரு படலமாக ஏறி, அவள் படுக்கையின் தலையணை உறைவரை போனது. நிலத்துக்கு அடியில், சங்கைக் காதில் வைத்தால் கேட்பதுபோல், ஓர் இரைச்சல் ஏறி இறங்கியது. கிணற்றின் உள்சுவரில் ஈரக்கோடு காலையில் ஒரு முழம் மேலே இருந்தது, மத்தியானம் கீழே. வற்றுப்பெருக்கு. கடல் அரை மைல் தள்ளி இருக்கிறது.

சமையலுக்கு அவள் இராசாத்தி மாமி வீட்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தாள். கமலாவதி அதைத் தொடவில்லை. சொந்தக் கிணற்றுத் தண்ணீரிலேயே தேநீர் ஊற்றி, சிந்தாமல், முகம் சுளிக்காமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"அம்மா, உது குடிக்கேலாது. குடல் வெந்துபோம்."

"எனக்கு ஒரு உப்பும் தெரியேல்லை," என்றாள் கமலாவதி. அவள் உதடுகள் வெடித்திருந்தன.

பதின்மூன்றாம் திகதி வாசலில் ஒரு லான்மாஸ்ரர், பெட்டி பூட்டிய கை உழவு இயந்திரம், வந்து நின்றது. படகுக்கான குடிதண்ணீர், இருபது லீற்றர்க் கான்கள், பன்னிரண்டு. ஏன் இவ்வளவு என்று கேட்டதற்கு, கொண்டு வந்தவர் துண்டுக் கடதாசியைக் காட்டினார். படிவத்திலிருந்து எடுத்த கணக்கு. ஐந்து பேருக்கு இரண்டு கான். ஆறாவது பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல்: 'கனக்க.' எவ்வளவு நிறைய என்று தெரியாமல், லெனாட்டின் சமையற்காரர் தன் மதிப்புக்குப் பத்து என்று போட்டிருந்தார்.

"அடுக்கி வையுங்கோ, விறாந்தையிலை அடுக்கி வையுங்கோ," என்று கமலாவதி முன்னால் நின்று இடம் காட்டினாள். "என்ரை பிள்ளைக்குத் தண்ணி விடாய் கூட."

மறுநாள் தாரிகா கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். வான் பிடித்தாயிற்று, இரவு ஒன்பதுக்கு வீட்டில் நிற்போம் என்று சொன்னாள். ஆரணி வேலைக்குப் போகவில்லை. காலையில் கிணற்றை அளந்தாள். நாற்பத்தொன்பதாயிரம். அந்த எண்ணை அவளுக்குத் தெரியும். மாணவியாக இருந்தபோது கடற்கரையில் நின்று அளந்த எண்.

பின்னேரம் ஐந்தரைக்குக் காற்று விழுந்தது. பனையோலைகள் அசையவில்லை. செல்வச்சந்நிதிக் கோயில் பக்கமிருந்து வரும் மணியோசையும் அன்று வரவில்லை. யாரும் தொடாமல் கிணற்றுக் கப்பி ஒரு தடவை கிரீச்சிட்டது.

ஆறேகாலுக்கு மடிக்கணினியைத் திறந்தாள். இனி எடுக்கத்தான் வேண்டும். பெயரைத் தெரிவு செய்தாள். நிருஷன், வயது 24. அவன் ஏறியபோது இருந்த வயது. அதற்குமேல் கூட்டி எழுத அவளுக்குத் தெரியவில்லை.

"எடுக்காதை பிள்ளை."

கமலாவதி பின்னால் நின்றாள். சீலைக் கரை நனைந்து கணுக்காலில் ஒட்டியிருந்தது.

"அம்மா, இது நேவிக்குப் போற லிஸ்ற். இல்லாத ஆளை எழுதேலாது."

"இல்லாத ஆளோ?"

ஆரணியின் விரல் அழிக்கும் விசையைத் தேடியது.

"அண்டைக்கு அவன் எனக்குத்தான் முதல் எடுத்தவன்," என்றாள் கமலாவதி. குரலில் கோபம் இல்லை. "பின்னேரம் ஆறரை இருக்கும். அம்மா, எனக்குப் பயமாக் கிடக்கு எண்டான். எனக்கு வாய் வரேல்லை. சின்னக்காவைக் கேள், அவள் படிச்சவள், அவள் சொல்லுற மாதிரிச் செய் எண்டன்."

ஆரணி கைகளை மடியில் போட்டாள்.

"நீ என்ன சொன்னனி எண்டு நான் ஒருநாளும் கேக்கேல்லை. இப்பவும் கேக்கேல்லை. பேரை மட்டும் எடுக்காதை, அம்மா."

அம்மா தன் பிள்ளையை 'அம்மா' என்று அழைப்பது கெஞ்சும்போது மட்டும்தான். கமலாவதி திரும்பி விறாந்தைப் பக்கம் போனாள். தரையில் அவள் கால் பட்ட இடமெல்லாம் ஈரமாக இருந்தது. பிறகு, கனமான ஏதோ ஒன்று சீமெந்தில் இழுபடும் சத்தம். மறுபடி. மறுபடி.

ஆரணி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து பார்க்கவில்லை. மூன்று வருடமாக அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் தான் ஒளித்து வைத்திருந்தது, அம்மாவின் மடியிலேயே இருந்திருக்கிறது. சாப்பாட்டு மேசையில். விளக்கு வைக்கும்போது. அவனுடைய துவாயைப் பிழியும்போது.

ஆறு முப்பத்தொன்பது.

விளக்கு வைக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது. அறைக்குள் இருள் ஏறியிருந்தது. திரையின் வெளிச்சம் அவள் கைகளில் மட்டும் விழுந்தது. டீசல் மணம். ஈரக் கயிறு. தொண்டையில் உப்பு.

ஆறு நாற்பது.

ஏறும் இடத்தில் இருந்த எண்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. அவளுடைய கை விசைப்பலகையில் இல்லை. மடியில் இருந்தது. இரண்டு கையும் மடியில்.

எழுத்துகள் வந்தன.

'வீடு.'

கடைசிக் கட்டத்தில், வேறு வேண்டுகோள் என்ற இடத்தில், சின்னக் கோடு ஒன்று மின்னிக்கொண்டு நின்றது. நின்றது. அங்கும் எழுத்துகள் வந்தன. மெதுவாக. விறைத்த விரல்களால் தட்டுவதுபோல்.

'சின்னக்கா, திரும்பி வரட்டோ?'

வெளியே கப்பி கிரீச்சிட்டது.

அழித்துவிடலாம். ஒரு விசைதான். இன்னும் இருபது நிமிடம். ஐந்து பெயர்கள் போகும். கீரிமலைக்கு நேரே பூப் போடலாம். அம்மாவுக்கு மெல்ல மெல்லச் சொல்லலாம். எட்டு, அந்தியேட்டி, படத்துக்கு மாலை. விசையின்மேல் விரலை வைத்தாள். அழுத்தினால் அது என்ன சொல் என்று அவளுக்குத் தெரியும். அதை ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

ஏறு.

விரலை எடுத்தாள்.

கண் மறைத்தது. எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தாள். ஒரே எழுத்துத்தான்.

'வா.'

நிலத்துக்கு அடியில் இரைச்சல் நின்றது.

திரையில் ஆறாவது வரிக்குக் கீழே ஏழாவது வரி திறந்தது. அவள் கேள்விப்படாத பெயர். வயது 31. குடிப்பது: தண்ணி. எட்டாவது வரி. ஒன்பதாவது. ஒரே குடும்பப் பெயரில் மூன்று பேர். குடிப்பது: தண்ணி. குடிப்பது: தண்ணி. பதினாறு. இருபது. வயது 4. நீந்துவாரா: இல்லை. முப்பது. வரிகள் ஓடின. திரை தானாக மேலே நகர்ந்தது. நாற்பத்தெட்டாவது வரியில் நின்றது.

ஏறும் இடம்: வீடு. வீடு. வீடு. வீடு.

வீட்டிலிருந்து ஐந்து. அந்தப் படகிலிருந்து நாற்பத்துமூன்று.

கிணற்றடியில் அம்மாவின் குரல் கேட்டது. விருந்துக்கு வந்தவர்களைக் கவனிக்கும் குரல்.

"வாங்கோ. வாங்கோ பிள்ளையள். தள்ளாதேங்கோ. சின்னனை முன்னுக்கு விடுங்கோ. எல்லாருக்கும் கிடக்கு."

தண்ணீர் விழும் சத்தம். குடுகுடுவென்று, கானின் கழுத்தால்.

ஆரணி எழுந்தாள். விறாந்தை வெறுமையாக இருந்தது. பதினொரு கான்கள் நின்ற இடத்தில் பதினொரு ஈர வட்டங்கள். ஒன்று மட்டும் கதவடியில், இழுத்துக்கொண்டு போக முடியாமல் விட்டது. பின்கதவுக்கு வந்தாள்.

மேற்கில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அது போதுமாக இருந்தது.

கிணறு கட்டு மட்டத்துக்கு நிறைந்திருந்தது. கறுத்த தண்ணீர். அலையில்லை. கமலாவதி கிணற்றுக் கட்டின்மேல் முழங்கால் ஊன்றி, கானைச் சரித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வெற்றுக் கான்கள்.

கட்டைச் சுற்றிக் கைகள் இருந்தன.

நெருக்கமாக. இடைவெளி இல்லாமல். முழங்கைவரை தண்ணீருக்கு மேலே. ஒவ்வொரு சோடியும் சேர்ந்து, குழிந்து, ஏந்தியபடி. பெரியவை. ஒரு வளையல். மிகச் சிறியவை இரண்டு, மற்றொருவர் கைமேல் தூக்கி வைக்கப்பட்டவை. அம்மா ஒவ்வொன்றாக ஊற்றினாள். தண்ணீர் விரல்களுக்கிடையில் வழிந்து போயிற்று. விரல்களுக்கிடையில் தடுக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. அம்மா மறுபடி ஊற்றினாள். மறுபடி வழிந்தது. ஒரு கையும் இறங்கவில்லை.

"பிள்ளை," என்றாள் கமலாவதி, திரும்பாமல். "அந்தக் கடைசிக் கானையும் கொண்டு வா. எல்லாருக்கும் விட்டுட்டு நிக்கிறான். இவன் இன்னும் ஒரு வாய் குடிக்கேல்லை."

ஒரு சோடிக் கை மட்டும் அம்மாவின் பக்கம் நீளவில்லை. வலது மணிக்கட்டில் கயிறு. சந்நிதியில் வாங்கிய நூல். போகும் நாளில் ஆரணி மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியது. நிறம் போய்விட்டது. முடிச்சுகள் இருந்தன.

அந்தக் கைகள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஏந்தியபடி.

கானைத் தூக்கினாள். கனத்தது. நடந்தாள். கட்டின்மேல் முழங்கால் ஊன்றினாள். மூடியைத் திருகினாள்.

ஊற்றினாள்.

நல்ல தண்ணீர். அவன் உள்ளங்கையில் விழுந்தது. நூலை நனைத்தது. விரல்களுக்கிடையால் கிணற்றுக்குள் போனது. ஒரு துளியும் நிற்கவில்லை. கைகளைக் கிட்டக் கொண்டுவந்தான். இன்னும் கிட்ட. அவள் இன்னும் சரித்தாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கான் முடிந்தது.

கைகள் ஏந்தியபடியே இருந்தன.